வல்லை வெளியில் விட்டுவிட்டு வந்தவர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990 முதல் 1995 வரை கந்தோர்கள் நடந்தன. பள்ளிக்கூடங்கள் நடந்தன. ஆஸ்பத்திரி நடந்தது. பல்கலைக்கழகத்தில் பரீட்சைகூட நடந்தது. இதையெல்லாம் நடத்தியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வோம். எதில் ஏறி வந்து நடத்தினார்கள் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: சைக்கிள்.

அந்தச் சைக்கிளுக்கும், இன்றுவரை அதை விடமுடியாமல் வைத்திருக்கிற மனிதர்களுக்கும் நாங்கள் செய்தது என்ன என்பதுதான் இங்கே பேச்சு. நாங்கள் என்றால் கந்தோர்க்காரர், ஆசிரியர், வங்கிக்காரர், வியாபாரிகள், ஓகஸ்டில் வெளிநாட்டிலிருந்து வந்து கோயில் திருவிழா பார்த்துவிட்டுப் போகிறவர்கள், பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் எல்லாரும் அடக்கம். பங்கு பிரித்தாலும் யாருக்கும் குறைவாகக் கிடைக்காது.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. மின்சாரம் போனது, யாழ்தேவி ரயில் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து என்று தடைசெய்த சாமான்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் ஒரு மூடி பெற்றோலை விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் இருமிக்கொண்டு வந்தார்கள். மற்ற எல்லாரும் சைக்கிளில் ஏறினோம். பேராசிரியரும் மேசனும் டொக்டரும் மீன்காரரும் ஒரே வீதியில் ஒரே வேகத்தில் போனார்கள். சாதியும் அந்தஸ்தும் வீட்டிலும் கோயிலிலும் இருந்த இடத்திலேயே இருந்தன. வீதியில் மட்டும் அவற்றுக்கு முந்திப் போக வழியில்லாமல் இருந்தது.

அந்தக் காலத்துச் சைக்கிள் செய்த வேலைகளைப் பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுவதாக நினைக்கிறார்கள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் ஏறியிருந்து உழக்க, டைனமோ வயரை வானொலியில் கொளுவித்தான் இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்டோம். ஆனையிறவு பூட்டிக் கிடந்தபோது கொம்படி - ஊரியான் பாதையில் தண்ணீருக்கும் சேற்றுக்கும் நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வன்னிக்குப் போனோம். அரிசியும் விறகும் அதிலேயே வந்தன. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் கிளம்பி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, முன்பாரில் குழந்தையும் கரியரில் கிழவியும் ஹாண்டிலில் உடுப்புப் பையுமாகத் தள்ளிக்கொண்டு போனதும் சைக்கிளைத்தான். இவை நன்றாக நினைவிருக்கின்றன. எழுதியிருக்கிறோம், மேடைகளில் சொல்லியிருக்கிறோம். சொல்லாமல் விட்டது வேறு ஒன்று: அன்றாடம் வேலைக்குப் போன தூரம்.

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணம் முப்பது கிலோமீட்டருக்கு மேல். நெல்லியடி தாண்டி, வல்லை வெளியைக் கடந்து, ஆவரங்கால், நீர்வேலி, கோப்பாய் என்று வரவேண்டும். உழக்கத் தெரிந்த ஆளுக்கே இரண்டு மணித்தியாலம் எடுக்கும். ஊர்களுக்குள் பூவரசும் வேம்பும் நிழல் தரும். வல்லையில் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் வெட்டை, நடுவில் தொண்டைமானாற்று நீரேரிப் பாலம், தலைக்கு மேலே வெயில். அதைவிடக் கொடியது காற்று. பட்டணம் தென்மேற்கில் கிடப்பதால் சோளகக் காலத்தில் காலையில் வேலைக்குப் போகிறவனுக்குக் காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். எழும்பி நின்று உழக்கினாலும் வண்டி நகராது. பின்னேரம் அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டுவந்து வீட்டில் விடும். மார்கழியில் வாடை திரும்பியதும் கணக்கு மாறும். போகும்போது சுகம். நாள் முழுக்க வேலை செய்து களைத்துத் திரும்பும்போது எதிர்க்காற்று. வடமராட்சியிலிருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போன ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் தாதிகளும் இந்தக் காற்றை இரண்டு பக்கத்தாலும் அறிந்தவர்கள். ரயர் பிளந்தால் பழைய ரயர்த் துண்டை உள்ளே வைத்து ஓடினார்கள். ரியூபில் ஒட்டின் மேல் ஒட்டுப் போட்டார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். அதைப் பார்த்து வாயைத் திறக்க அப்போது ஒருவருக்கும் துணிவு வரவில்லை, ஏனென்றால் அவர்கள் போகாவிட்டால் வகுப்பும் இல்லை, வாட்டும் இல்லை.

இது ஒரு சமூகத்தின் திறமை. நாங்கள் அதைத் துன்பம் என்று மட்டும் பதிந்து வைத்தோம். எங்களுடைய முதல் தவறு அதுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து முளைத்தவை.

குடாநாடு தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். மூச்சு வாங்க ஏறுகிற ஏற்றம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். ஊருக்கு ஊர் ஒழுங்கைகள் பின்னிக் கிடக்கின்றன. சந்திக்குச் சந்தி சைக்கிள் கடை இருந்தது. ஆணும் பெண்ணும் ஓடப் பழகியவர்கள். இப்படி ஒரு இடம் தெற்காசியாவிலேயே அபூர்வம். எரிபொருள் இல்லாமல் பல இலட்சம் பேர் ஐந்து வருடத்துக்கு மேல் வேலைக்குப் போய் வந்த அனுபவமும் எங்களிடம் இருந்தது. அதை ஒருவரும் உட்கார்ந்து கணக்கெடுக்கவில்லை. எத்தனை பேர், எவ்வளவு தூரம், எந்த வீதியில் நிழல் இல்லை, எங்கே விழுந்தார்கள் என்று கேட்டு எழுதிவைக்க எங்களிடம் பல்கலைக்கழகம் இருந்தது, புவியியல் படித்தவர்கள் இருந்தார்கள். அவர்களே சைக்கிளில்தான் வந்துபோனார்கள். கையில் இருந்ததை ஆராயத் தோன்றவில்லை.

1996க்குப் பிறகு சைக்கிள் இருந்தது, ஆனால் சோதனைச் சாவடிகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அதைப் பற்றிப் பலர் எழுதியாயிற்று. 2002இல் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி பூட்டியது. பெற்றோல் மறுபடி அரிதானது. நாங்களும் மறுபடி சைக்கிளைத் துடைத்து எடுத்தோம். போர் முடிந்து பாதை நிரந்தரமாகத் திறந்ததும் மூலையில் சாத்தினோம்.

பிறகு வந்த வேகத்தைச் சொல்லத் தேவையில்லை. சந்திக்குச் சந்தி இருந்த சைக்கிள் கடைகளின் இடத்தில் லீசிங் நிறுவனங்களின் கிளைகள் வந்தன. கொஞ்சம் முற்பணம், மிச்சம் மாதாமாதம். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, ஸ்கூட்டி. போரில் களைத்த சனம் சைக்கிளை விட்டு இறங்க ஆசைப்பட்டதில் பிழை காண முடியாது. வல்லைக் காற்றை நெஞ்சில் வாங்கியவனுக்கு எஞ்சின் ஒரு விடுதலைதான், அதை யாரும் பரிகசிக்க வேண்டாம். கேள்வி வேறு. இறங்கியவர்கள் இறங்கினோம். இறங்க வசதியில்லாதவர்களை என்ன செய்தோம்?

விடிய ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் பட்டணத்துக்கு வரும் எந்த வீதியிலும் நின்று பாருங்கள். கரியரில் கடகமும் அதற்குள் சாந்தகப்பையும் மட்டக்கோலுமாக மேசன்மார் வருவார்கள்; பின்னால் அவர்களின் கூலிப்பெடியன்கள். பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கத்து ஆட்கள் வருவார்கள். இரண்டு பக்கமும் கடல், பக்கவாட்டில் காற்று. குருநகர், பாசையூர்ப் பக்கமிருந்து மீன்பெட்டி கட்டிய சைக்கிள்கள் எதிர்ப்பக்கமாக ஊர்களுக்குள் போகும். கள்ளுக் கலன் தூக்கிய சீவல் தொழிலாளிகள். ஆஸ்பத்திரியில் நிலம் கூட்டித் துடைக்கிற பெண்கள். எட்டரைக்குப் பிறகு பட்டணத்துப் புடவைக் கடைகளில் நிற்கிற பிள்ளைகள் வருவார்கள். கடை பூட்டி அவர்கள் திரும்பும்போது இருட்டிவிடும். ஊர்ப்பக்கம் போகிற கடைசி பஸ் அதற்கு முன்னரே போயிருக்கும். பஸ் இருந்தாலும், இறங்குகிற சந்தியிலிருந்து வீட்டுக்கு இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கும். அதனால்தான் சைக்கிள். அவர்கள் ஓடுவது உடற்பயிற்சிக்கு இல்லை, பூமியைக் காப்பாற்றவும் இல்லை. நாட்சம்பளத்தில் பெற்றோலுக்கு ஒதுக்கக் காசில்லை, அவ்வளவுதான்.

இவர்களுக்கு நாங்கள் கொடுத்தது காப்பெற் வீதி. வழுவழுப்பாக இருக்கிறது, மறுக்கவில்லை. வீதி உயர்ந்தது, ஓரத்து மண் உயரவில்லை. தார் முடிகிற இடத்தில் பல ஊர்களில் ஒரு சாணுக்குப் பள்ளம். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் சைக்கிள்காரர் அந்தப் பள்ளத்தில் இறங்கவேண்டும்; இறங்கினால் விழவேண்டும். வெள்ளைக்கோட்டுக்கு வெளியே கிடைக்கிற ஒரு முழ இடத்திலும் நாங்கள் வாகனத்தை நிறுத்திவிட்டுப் பாண் வாங்கப் போகிறோம். வீதியை அகலிக்க ஓரத்து மரங்களைத் தறித்தபோது, காருக்குள் இருப்பவருக்கு நிழல் தேவையில்லை என்பது திட்டம் போட்டவருக்குத் தெரிந்திருந்தது. சைக்கிள்காரருக்குத் தேவை என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் வாய் திறக்கவில்லை. நாட்டில் வீதி விபத்துகளில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். சைக்கிளில் போனவர் அடிபட்டால் "ஓரமாப் போயிருக்கலாம்தானே" என்று சொல்கிற முதல் ஆளும் நாங்களே. ஓரம் எங்கே என்று நாங்கள் பார்த்ததில்லை.

கந்தோர்களையும் பாருங்கள். வாகனத் தரிப்பிடத்துக்குக் கூரை இருக்கும். பதவிப்பெயர் எழுதிய பலகை இருக்கும். சைக்கிள்கள் பின்பக்கத்தில், மதிலோடு, வெயிலில் கிடக்கும். இருக்கை சுட்டு, ரியூப் வெடித்து, மழைக்காலத்தில் செயின் கறள் பிடித்துக் கிடக்கும். பதினைந்து கிலோமீட்டர் உழக்கி வந்த ஆளுக்கு முகம் கழுவ ஒரு குழாய், ஈரச் சட்டையை மாற்ற ஒரு அறை என்று எந்தக் கட்டடத்தின் வரைபடத்திலும் கேட்டதாக எங்களுக்கு நினைவில்லை. ஆனால் வரவுப் பதிவேட்டில் சிவப்புக்கோடு சரியான நேரத்துக்குக் கீறப்படும். எதிர்க்காற்றுக்குச் சலுகை கிடையாது.

மரியாதை வேறு. "என்ன மாஸ்ரர், இன்னும் சைக்கிளோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்போம். அந்தச் சிரிப்பில் எவ்வளவோ பேர் கடனுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்தார்கள். கலியாணம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளை எதில் வேலைக்குப் போகிறார் என்று விசாரிக்கிற ஊர் இது. 1993இல் சைக்கிளில் போய்ப் பெண் பார்த்தவர்கள்தான் இன்று விசாரிக்கிறார்கள்.

பிறகு 2022. நாட்டில் டொலர் இல்லை, கப்பல் வரவில்லை. 92 ஒக்ரேன் பெற்றோல் வருடத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபா. ஜூன் 26ஆம் திகதி 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்காமல் பெற்றோல் செற்களில் நாள்கணக்கில் வரிசை. ஜூலையில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். கொழும்பிலேயே உத்தியோகத்தர்கள் சைக்கிள் தேடி அலைந்தார்கள். விலை கூடிக் கடைகளில் வண்டி இல்லாமல் போனது. யாழ்ப்பாணத்தில் பத்தியிலும் மாட்டுக்கொட்டிலிலும் கிடந்த லுமாலாக்களும் பழைய ரலிகளும் வெளியே வந்தன. எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. 'இது எங்களுக்குப் புதிதில்லை' என்று சொன்னோம். எழுதினோம், படம் எடுத்துப் போட்டோம், பழைய நினைவுகளைக் கிளறினோம்.

அந்தக் கிழமைகளில் வீதிகள் ஏறத்தாழ வெறுமையாக இருந்தன. எந்த வீதியில் சைக்கிளுக்குத் தனித்தடம் போடலாம், எந்தச் சந்தியில் முதல் இடம் கொடுக்கலாம் என்று சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்திருக்கலாம். செலவில்லை, எதிர்ப்பும் இருந்திராது. பெற்றோல் வந்தது. 2023 செப்ரெம்பரில் கியூஆர் முறையும் நின்றது. சைக்கிள் பத்திக்குத் திரும்பியது. வழக்கமாக ஓடியவர்கள் வழக்கம்போல் ஓடினார்கள், ஆனால் மறுபடியும் தனியாக.

இதே போன்ற நெருக்கடி ஒல்லாந்துக்கும் வந்தது. யாழ்ப்பாணக் கோட்டையைப் பெருப்பித்துக் கட்டிவிட்டுப் போன அதே நாடுதான். 1950களிலும் 60களிலும் அங்கேயும் சைக்கிளை ஒதுக்கிவிட்டுக் காருக்கு வீதி அகலித்தார்கள். 1971இல் மட்டும் வீதி விபத்துகளில் 400க்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்தார்கள். பெற்றோர் தெருவுக்கு வந்து 'பிள்ளைக் கொலையை நிறுத்து' என்று இயக்கம் நடத்தினார்கள். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அரசு நவம்பர் 4ஆம் திகதி தொடங்கி ஞாயிறுகளில் காரைத் தடைசெய்தது. சனம் வெறும் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓடிப் பார்த்தது. எண்ணெய் திரும்பி வந்தது. ஆனால் சனம் விடவில்லை. நகர சபைகளை அரித்தெடுத்துத் தனித்தடங்கள் வாங்கினார்கள். இன்று அங்கே பிரதமர் சைக்கிளில் கந்தோருக்குப் போனால் அது செய்தியில்லை. எங்களுடைய உறவினர்கள் அங்கேயும் டென்மார்க்கிலும் அந்தத் தடங்களில் மழையிலும் பனியிலும் வேலைக்கு ஓடுகிறார்கள். ஊருக்கு வந்தால் விமான நிலையத்திலிருந்தே வான் பிடிக்கிறார்கள். வந்த இடத்தில் சைக்கிள் ஓடினால் 'அங்கே ஒன்றும் சரிவரவில்லைப் போல' என்று நாங்கள் பேசுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இல்லை, சைக்கிளுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. கொடுக்கிறோம். மாதத்தில் சில தடவையாவது எங்கேயாவது ஒரு பாடசாலையில் துவிச்சக்கரவண்டி வழங்கிவைப்பு நடக்கும். புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் பிறந்தநாளோ நினைவுநாளோ, பின்னால் பதாகை, முன்னால் பொலித்தீன் பிரிக்காத சைக்கிளைப் பிடித்தபடி ஒரு பிள்ளை, கமெராவைப் பார்க்கக் கூச்சம். அந்த வண்டி இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை ஆறேழு கிலோமீட்டர் நடக்கும். ஆகவே கொடுப்பது நல்லது, நிறுத்தவேண்டாம். ஆனால் நாங்கள் செய்த வேலையின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். சைக்கிள் என்றால் வறிய பிள்ளைக்குக் கொடுக்கிற பொருள் என்று ஆக்கிவிட்டோம். உயர்தரம் முடிந்ததும் அந்தப் பிள்ளையே அதை விட்டு இறங்கத் துடிக்கும், படத்திலிருந்து இறங்கவேண்டுமே. வண்டி கொடுத்தோம், வண்டி ஓட இடம் கேட்கவில்லை. கொடுத்த கையோடு வீதி அபிவிருத்திக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் பதாகைச் செலவைவிடக் குறைந்திருக்கும்.

எழுதுகிறவர்களின் பங்கு இன்னும் மோசம். எங்கள் கதைகளில் சைக்கிள் நிறைய ஓடியிருக்கிறது: காதலியைப் பாரில் ஏற்றியது, இயக்கத்துக்குப் போன தம்பி மதிலோடு சாத்திவிட்டுப் போனது, இடம்பெயர்ந்து திரும்பியபோது துருப்பிடித்துக் கிடந்தது. எல்லாம் இறந்தகாலச் சைக்கிள்கள். இன்று காலை வேலைக்குப் போன சைக்கிளில் யார் இருந்தார் என்று நாங்கள் எழுதவில்லை. நினைவு எங்களுடையது, வண்டி அவர்களுடையது என்றாகிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. பிரதேச சபைகள் வர்த்தமானியில் போடுகிற வாகன வரி அறிவித்தல்களில் சைக்கிளுக்கென்று ஒரு வரி உண்டு: வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 18 ரூபா, மற்றபடி 4 ரூபா. அதை இப்போது யாரும் வந்து கேட்பதில்லை. ஆனால் சபையின் கண்ணில் சைக்கிள் ஒரு வாகனம் என்பதற்கு அந்த நாலு ரூபா எழுத்திலான சான்று. வாகனம் என்றால் வீதியில் இடம் கேட்கலாம். 2025 மே மாதம் உள்ளூராட்சிச் சபைகளுக்கு வாக்களித்தோம். வாக்குச்சீட்டில் தமிழ்க் காங்கிரசின் சைக்கிள் சின்னமும் இருந்தது. வீட்டுக்கு வந்து வாக்குக் கேட்ட எந்தக் கட்சிக்காரரிடமும் சைக்கிள் பாதையைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. கேட்காததைத் தராதவர்கள்மேல் கோபப்பட எங்களுக்கு உரிமையில்லை.

இனியாவது கேட்போம். உங்கள் கந்தோரில் அதிகாரம் உங்களிடம் இருந்தால் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு முதலில் கூரை போடுங்கள். உங்கள் ஊர் வீதியை அளக்க ஆட்கள் வந்தால், தார் ஓரத்தையும் மண்ணையும் சமப்படுத்தி இரண்டு பக்கமும் நாலடி சைக்கிளுக்கு விடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். நிற்கிற மரத்தைத் தறிக்கவேண்டாம் என்றும் சேர்த்து எழுதுங்கள். மனுவில் கையெழுத்து வைக்க ஆள் போதாவிட்டால், விடிய ஆறு மணிக்குச் செம்மணி வீதியிலோ வல்லைச் சந்தியிலோ பேனையோடு நில்லுங்கள். அதிக நேரம் மறிக்கவேண்டாம், அவர்களுக்கு வேலைக்குப் பிந்திவிடும்.